ஓய்வும் ஒரு ஹக்

உறவினரையோ நண்பரையோ சந்தித்து நலம் விசாரித்தால், 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற சொல்லை அடுத்து இன்று பெரும்பாலும் வருவது 'நேரமே இல்லை' என்பதுதான். அதைச் சொல்லும் குரலில் களைப்பு இருக்கிறது. கூடவே ஒரு சிறு பெருமையும் இருக்கிறது. ஓயாமல் ஓடுபவரே பொறுப்புள்ளவர், சற்றுச் சாய்ந்திருப்பவர் சோம்பேறி என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மத்ரஸா, அதன்பின் டியூஷன் என்று பிள்ளைகளின் நாளையும் நாம் இந்த எண்ணத்தைக் கொண்டே நிரப்புகிறோம்.

இந்த எண்ணத்தை நமக்குத் தந்தது மார்க்கமா? நம் முன்னோர் இப்படித்தான் வாழ்ந்தார்களா? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு சித்திரம் தென்படுகிறது. வேலைகளெல்லாம் முடிந்தபின் நேரம் எஞ்சினால் எடுத்துக்கொள்ளும் ஒன்றாக ஓய்வு அங்கே இருக்கவில்லை. உரியவருக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டிய ஒரு ஹக்காகவே அது கருதப்பட்டது. அந்தக் கருத்து எங்கே தொடங்கியது, எவ்வாறு வாழ்க்கைமுறையாக மலர்ந்தது, எப்போது நம் கையைவிட்டு நழுவியது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

மதீனாவில் ஓர் இரவு

ஹிஜ்ரத்துக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள். அவ்வாறு இணைக்கப்பட்டவர்களில் ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும் அடங்குவர். ஒருநாள் ஸல்மான் (ரலி) தம் சகோதரரின் வீட்டிற்குச் சென்றார்கள். அங்கே அபுத்தர்தா அவர்களின் மனைவி தம்மைக் கவனித்துக்கொள்ளாத எளிய கோலத்தில் இருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். தம் கணவருக்கு இவ்வுலகத்தில் நாட்டமே இல்லை என்று அப்பெண்மணி பதிலளித்தார்.

அபுத்தர்தா (ரலி) விருந்தினருக்கு உணவு படைத்துவிட்டு, தாம் நோன்பிருப்பதாகச் சொன்னார்கள். நீர் உண்ணாதவரை நானும் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் (ரலி) உறுதியாகச் சொல்லவே, அவர்களும் உண்டார்கள். இரவு தொடங்கியதும் தொழுகைக்கு எழுந்தவரை ஸல்மான் (ரலி) தடுத்து உறங்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் மீண்டும் எழுந்தபோதும் தடுத்தார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும் தாமே அவரை எழுப்ப, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு ஸல்மான் (ரலி) சொன்னதன் கருத்து இதுதான்: இறைவனுக்கு உம்மீது ஹக் இருக்கிறது, உம் உடலுக்கும் இருக்கிறது, உம் குடும்பத்துக்கும் இருக்கிறது, உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும். இச்செய்தி நபி (ஸல்) அவர்களிடம் எட்டியபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அபுத்தர்தா (ரலி) பொருள் தேடுவதிலோ புகழ் தேடுவதிலோ மூழ்கியிருக்கவில்லை. வணக்கத்தில்தான் மூழ்கியிருந்தார்கள். அந்த வணக்கமே உடலின் உரிமையையும் மனைவியின் உரிமையையும் விழுங்கும் நிலை வந்தபோது, அதற்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. வணக்கத்துக்கே இந்த எல்லை என்றால், நம் வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் எல்லை இல்லாமல் போகுமா?

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அந்த இளைஞரை நபி (ஸல்) அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் வீட்டிற்கு வரும் விருந்தினருக்கும் உள்ள உரிமைகளை நினைவூட்டினார்கள். மாதத்தில் மூன்று நோன்பு போதும் என்றார்கள். என்னால் அதைவிட அதிகம் முடியும் என்று அவர் மீண்டும் மீண்டும் கேட்க, ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூத் (அலை) அவர்களின் நோன்பு வரை அனுமதித்து, அதற்குமேல் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அப்துல்லாஹ் (ரலி) ஏங்கினார்கள். இளமையில் 'என்னால் முடியும்' என்று சொல்வது எளிது. அதற்கான விலையை உடல் பிற்பாடுதான் கேட்கிறது.

மற்றொரு நாள் பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை நபி (ஸல்) கண்டார்கள். நின்று தொழுது சோர்வடையும்போது பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது அது. அதை அவிழ்க்கச் சொன்ன நபியவர்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழுங்கள், சோர்ந்தால் அமர்ந்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். சோர்ந்த உடலை இழுத்துக்கட்டி நிறுத்தும் கயிறுகள் நம் வாழ்விலும் பல உள்ளன. தேநீர்க் குவளையும் கைப்பேசித் திரையும் அவற்றில் சில.

ஒரு நாளின் அமைப்பு

யூதர்களுக்குச் சனிக்கிழமை முழுவதும் ஓய்வு நாள். கிறிஸ்தவ உலகம் ஞாயிற்றுக்கிழமையை அவ்வாறு ஆக்கிக்கொண்டது. ஆனால் இஸ்லாம் வெள்ளிக்கிழமையை முழு ஓய்வு நாளாக அறிவிக்கவில்லை. அழைப்பு ஒலித்ததும் வியாபாரத்தை விட்டுவிடுமாறு பணிக்கும் அல்ஜுமுஆ அத்தியாயம், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச்சென்று இறைவனின் அருளைத் தேட அனுமதிக்கிறது. வானங்களையும் பூமியையும் படைத்ததால் தனக்குக் களைப்பு ஏதும் ஏற்படவில்லை என்று இறைவன் காஃப் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். படைத்தவனுக்கு ஓய்வு தேவையில்லை, படைப்பினங்களுக்குத் தேவை.

அந்தத் தேவையை ஒருநாளில் குவிக்காமல் ஒவ்வொரு நாளிலும் பகிர்ந்து வைத்ததே இஸ்லாமிய வாழ்வின் தனித்தன்மை. உறக்கத்தை இளைப்பாறுதலாகவும், இரவை ஆடையாகவும், பகலை வாழ்வாதாரம் தேடும் நேரமாகவும் அமைத்திருப்பதை அந்நபா அத்தியாயம் அடுத்தடுத்துக் கூறுகிறது. உழைப்பும் உறக்கமும் ஒரே வரிசையில் அருட்கொடைகளாக நிற்கின்றன.

அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் மேலாடைகளைக் களைந்து ஓய்ந்திருக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறுவர்களும் பணியாளர்களும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்று அது விதிக்கிறது. நண்பகல் ஓய்வு அன்றைய மதீனாவில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதற்கு இது சான்று. ஓய்வெடுப்பவருடைய அந்தரங்கத்துக்கு வேதமே வேலி போட்டிருக்கிறது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

அந்த நண்பகல் ஓய்வே 'கைலூலா'. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகே நாங்கள் பகலுணவு உண்டு கைலூலா கொள்வோம் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். வெயில் கடுமையாக இருக்கும்போது லுஹர் தொழுகையைச் சூடு தணியும்வரை தாமதிக்குமாறும் நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இருப்பதையும் அவர்கள் விரும்பவில்லை. தஹஜ்ஜுதுக்கும் சுப்ஹுக்கும் எழவேண்டிய உடலுக்கு இரவின் முற்பகுதி உறக்கமும் பகலின் சிறு உறக்கமும் துணையாயின.

இதனால் சோம்பலுக்கு இடமளிக்கப்பட்டது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சோம்பலை விட்டு இறைவனிடம் பாதுகாவல் தேடுவது நபியவர்களின் அன்றாட துஆக்களில் ஒன்று. சோம்பல் கடமையைக் கைவிடுகிறது. ஓய்வோ கடமையை மீண்டும் தாங்குவதற்கு உடலை ஆயத்தப்படுத்துகிறது.

அஸருக்குப் பின் ஒரு நகரம்

மதீனாவில் தொடங்கிய இந்த ஒழுங்கு பிற்காலத்து நகரங்களில் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இப்னு பதூதாவின் பயணக் குறிப்புகள் ஒரு சாளரத்தைத் திறந்து வைக்கின்றன. 1330-களின் தொடக்கத்தில் அவர் இன்றைய துருக்கியின் தென்கரையிலுள்ள அன்தாலியா நகரை அடைந்தார். அங்கே கிழிந்த உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, அவரையும் அவருடைய தோழர்களையும் விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழைக்குச் சுமையாகிவிடுவோமே என்று இப்னு பதூதா தயங்கினார். ஆனால் வந்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி என்றும், பல்வேறு கைத்தொழில்கள் செய்யும் ஏறத்தாழ 200 பேர் தங்கள் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் பின்னர் அறிந்துகொண்டார்.

அந்தத் தலைவர்களை மக்கள் 'அகீ' என்று அழைத்தார்கள். அவர்களின் தோழமைச் சங்கத்தினர் பகலில் தத்தம் தொழிலைச் செய்வார்கள். அஸருக்குப் பின் அன்றைய வருமானத்தைத் தலைவரிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதைக்கொண்டு பழமும் உணவும் வாங்கப்படும். ஊருக்குப் பயணி எவரேனும் வந்திருந்தால் அவர் அன்று அவர்களின் விருந்தாளி. எவரும் வராவிட்டால் தாங்களே கூடி உண்டு, மகிழ்ந்திருந்து, மறுநாள் காலையில் மீண்டும் தொழிலுக்குச் செல்வார்கள். உலகில் வேறெங்கும் இவர்களைவிடச் சிறந்த செயலுடையோரைக் காணவில்லை என்னும் அளவுக்கு இப்னு பதூதா அவர்களைப் புகழ்கிறார்.

செல்வர்கள் ஓய்வெடுப்பது எக்காலத்திலும் உள்ளதுதான். இங்கே ஓய்ந்திருந்தவர்களோ கையால் உழைத்துப் பிழைத்தவர்கள். அஸர் என்ற எல்லைக்குப் பின் இன்னொரு செருப்பு தைத்தால் இன்னும் சில காசுகள் கிடைத்திருக்கும். அதைவிட ஒன்றாக உண்ணும் ஒரு மாலைப்பொழுது மேலானது என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள்.

அதே அனதோலிய மண்ணில் ஸல்ஜூக்கிய ஆட்சியாளர்கள் வணிகப் பாதைகளில் கல்லால் ஆன சத்திரங்களை எழுப்பினார்கள். அக்ஸராய் அருகே 1229-இல் கட்டப்பட்ட சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. ஒட்டகக் கூட்டம் ஒரு பகலில் கடக்கக்கூடிய தூரத்தை அளவாகக் கொண்டு இத்தகைய சத்திரங்கள் அமைந்தன. வக்ஃபு சொத்துகளின் வருமானம் அவற்றைத் தாங்கியது. மனிதனும் விலங்கும் ஒருநாளில் எவ்வளவு நடக்கமுடியும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பப் பாதை வகுக்கப்பட்டது.

காற்றுக்காகக் காத்திருந்தவர்கள்

அந்த இப்னு பதூதா 1340-களில் நமது கரைக்கும் வந்தார். அரபியர் 'மஅபர்' என்றழைத்த தமிழகக் கரையில், மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் விருந்தினராக இருந்தார். அவரை இங்கே கொண்டுவந்ததும் இங்கிருந்து கொண்டுசென்றதும் கடற்காற்றே. பருவம், குறித்த காலம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் ஐரோப்பியரின் 'மான்சூன்' பிறந்தது.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற ஊர்களின் கடல் வணிகர்களுக்கு இந்த மவ்சிமே நாட்காட்டி. போவதற்கு ஒரு காற்று, திரும்புவதற்கு மற்றொரு காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் சோழமண்டலக் கரையைத் தாக்கும்போது கப்பல்கள் கரையை நெருங்க அஞ்சும். அக்கரையில் சரக்கு விற்றுத் தீர்ந்தாலும் காற்று திரும்பும்வரை வணிகர் காத்திருந்தே ஆகவேண்டும். எவ்வளவு அவசரம் இருந்தாலும், எவ்வளவு பணம் இருந்தாலும் காற்றை விலைக்கு வாங்க இயலாது.

அந்தக் காத்திருப்பு வீணாகிவிடவில்லை. அக்கரை ஊர்களில் தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்புகள் வேர்விட்டன. பினாங்கில் 1801-இல் காதர் முகைதீன் அவர்களின் முயற்சியால் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அம்மக்களின் நினைவுச் சின்னங்கள். நம் முன்னோர் வாழ்வில் பிரிவும் துயரும் இருந்தன. அவற்றை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும் என்ற கட்டாயத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

கடிகாரம் மாறிய கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, நீராவிக் கப்பல். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அதன் ஆதிக்கம் பெருகியது. காற்றுக்குக் காத்திராத கப்பல் கால அட்டவணையோடு வந்தது. பிற்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா' கப்பலை நம் மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வார்கள். பயணம் எளிதாயிற்று, அது பெரும் நன்மையே. ஆயினும் காத்திருத்தல் என்பது இழப்பு என்ற எண்ணமும் அதே கப்பலில் வந்திறங்கியது.

இரண்டாவது, ஆலைச் சங்கு. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வாரம் ஒருநாள் விடுமுறைக்காக நாராயண் மேகாஜி லோகண்டேயின் தலைமையில் பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினார்கள். மறு ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை ஏற்றது. உழைப்பவரின் உரிமை என்று மதீனாவில் உணர்த்தப்பட்டதை, இயந்திர யுகத்தில் போராடிப் பெறவேண்டிய நிலை ஏற்பட்டது.

இவற்றோடு கடிகாரமும் மாறியது. உஸ்மானியப் பேரரசில் சூரியன் மறையும் வேளையே பன்னிரண்டு மணி. கடிகாரங்களை மஃக்ரிப் நேரத்தையொட்டி மக்கள் திருத்தி வைத்துக்கொண்டார்கள். 1926 ஜனவரி 1 முதல் துருக்கிக் குடியரசு அம்முறையைக் கைவிட்டு, நள்ளிரவிலிருந்து மணியை எண்ணும் ஐரோப்பிய முறையை ஏற்றது. நாமும் இன்று அம்முறையில்தான் வாழ்கிறோம். ஆனால் நம் பேச்சில் பழைய கணக்கின் ஒரு சுவடு மிஞ்சியிருக்கிறது. வியாழக்கிழமை மாலை மங்கியதும் அதை 'வெள்ளி இரவு' என்கிறோம். ரமளானின் இருபத்தேழாம் இரவு இருபத்தேழாம் நோன்புக்கு முன்னரே வந்துவிடுகிறது.

இதன் பொருளைச் சற்றுச் சிந்திப்போம். ஹிஜ்ரி கணக்கில் நாள் மஃக்ரிபில் தொடங்குகிறது. முதலில் இரவு, பிறகு பகல். முதலில் தொழுகையும் குடும்பமும் உறக்கமும், பிறகு உழைப்பு. பகலெல்லாம் உழைத்து எஞ்சியதைக் கொண்டு ஓய்வெடுப்பது அங்கே முறையில்லை. ஓய்ந்து எழுந்த உடலைக் கொண்டுதான் அந்த நாளின் உழைப்பு தொடங்குகிறது.

யாருடைய ஹக் நம் கையில்?

ஹக் என்ற சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. ஒருவருக்கு உரிமையாக இருப்பது மற்றவருக்குக் கடமையாக இருக்கும். ஆகவே 'நான் எப்போது ஓய்வெடுப்பேன்' என்று கேட்பதோடு நாம் நின்றுவிட முடியாது. யாருடைய ஓய்வு நம் கையில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும்.

நம் வீடுகளில் சுப்ஹுக்கு முன் எழுந்து, எல்லோரும் உறங்கியபின் அடுப்படியை ஒதுங்கவைத்துவிட்டுப் படுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ரமளானில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இடையே அவர்களுக்குக் கிடைக்கும் உறக்கத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? நபி (ஸல்) வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சுன்னத்தைப் பேண விரும்பும் ஆண்களுக்கு இதைவிட எளிதான வாசல் எது?

நம் கடைகளில் காலை முதல் நள்ளிரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பணியாளர்களின் சக்திக்கு மீறிய சுமையை அவர்கள்மீது சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. அமர்ந்து இளைப்பாற ஒரு நாற்காலியும், லுஹருக்குப் பின் அரைமணி நேரமும், வாரத்தில் ஒரு முழுநாளும் அவர்களுக்குக் கொடுப்பதைத் தர்மம் என்று எண்ணவேண்டாம். அது அவர்களின் ஹக். வளைகுடாவிலிருந்து இரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வரும் வாப்பாமார்களின் விடுமுறையும் அப்படித்தான். திருமண அழைப்புகளிலும் வங்கி வேலைகளிலும் அதைக் கரைத்துவிடாமல், அவர்கள் பிள்ளைகளோடு சும்மா அமர்ந்திருக்கச் சில நாட்களையாவது உறவினராகிய நாம் விட்டுவைக்கலாம்.

பிழைப்பின் நெருக்கடியால் இரண்டு வேலை பார்ப்போர் நம்மிடையே உண்டு. 'சற்று ஓய்வெடுங்கள்' என்று அவர்களிடம் உபதேசித்துவிட்டுச் செல்வது எளிது. அவர்களின் சுமையில் ஒரு பகுதியைச் சமுதாயம் ஏற்பதே முறையானது. அன்தாலியாவின் செருப்புத் தொழிலாளியும் அவருடைய தோழர்களும் செய்தது அதைத்தான். தனியொருவராக எவரும் ஓய்வை அடையவில்லை. சேர்ந்து சம்பாதித்ததைச் சேர்ந்து செலவிட்டதால் எல்லோருக்கும் அந்த மாலைப்பொழுது வாய்த்தது.

பெரிய திட்டங்கள் எதுவும் இதற்கு வேண்டாம். இஷாவுக்குப் பின் கைப்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் எவரெவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். அவர்களின் கையிலுள்ள வேலையைப் பகிர்ந்துகொள்வோம். எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கணைக்கும் வீடாக நம் வீடு ஆகட்டும். அன்றிரவின் உறக்கமும், அதன்பின் வரும் சுப்ஹுத் தொழுகையும் நிச்சயம் வேறுபட்டிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

இரவை ஆடையாகவும் உறக்கத்தை அருளாகவும் ஆக்கித்தந்த வல்ல இறைவன், உரியவருக்கு உரியதைக் கொடுத்துத் தீர்ப்போரின் கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததியினரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.